ஆயுள் கணக்குக்கு அல்ட்ராசோனிக் தடிமன் கேஜ்: எந்த வகையை வாங்கலாம்?

குழாய், டேங்க், பிரஷர் வெசல் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்று கணக்குப் போடத்தான் கேஜ் என்றால், பெயின்டைக் கழித்து அளக்கும் எக்கோ-எக்கோ மோடும், எதிரொலி அலையை வரைந்து காட்டும் ஏ-ஸ்கேன் திரையும் இரண்டுமே இருக்க வேண்டும். எண்ணை மட்டும் காட்டும் மலிவு மாடல் வேண்டவே வேண்டாம்.

பெயின்ட் இல்லாமல் அளந்த 9.5 மி.மீ. தகடு 5 ஆண்டில் 8.5 ஆகிவிட்டது என்று வையுங்கள். அரிப்பு ஆண்டுக்கு 0.2 மி.மீ. அழுத்தம் தாங்கக் குறைந்தது 6 மி.மீ. வேண்டும் என்றால், மிச்சமுள்ள 2.5-ஐ 0.2-ஆல் வகுக்க 12.5 ஆண்டு வரும். இதே இடத்தில் இப்போது 0.25 மி.மீ. பெயின்ட் இருந்து, ஒலி உள்ளே போய்ப் பின்சுவரில் பட்டுத் திரும்பும் முழு நேரத்தையும் எடுக்கும் சாதாரண மோடில் அளந்தால் வம்புதான். எஃகில் ஒலி நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர் போகும். பெயின்டில் அதில் பாதி வேகம்கூட இல்லை. அந்தத் தாமதத்தையும் எஃகு என்றே எடுத்துக்கொண்டு கேஜ் ஏறக்குறைய 9.1 காட்டும். அரிப்பு 0.08 ஆகச் சுருங்கி, ஆயுள் 38 ஆண்டைத் தாண்டிவிடும்! பிரஷர் வெசல் ஆய்வுக்கான அமெரிக்கத் தரநிலையான ஏபிஐ 510 விதிப்படி மிச்ச ஆயுளில் பாதி அல்லது 10 ஆண்டு, எது குறைவோ அதற்குள் உள் ஆய்வு நடக்க வேண்டும். ஆறேகால் ஆண்டில் திறக்க வேண்டிய வெசல் பத்தாண்டு மூடியே கிடக்கும்.

எக்கோ-எக்கோ மோடு அடுத்தடுத்த இரண்டு பின்சுவர் எதிரொலிகளுக்கு இடைப்பட்ட நேரத்தை மட்டும் எடுப்பதால் பெயின்ட் தானே கழிந்துவிடும். ஆனால் உள்ளே குழிகுழியாக அரித்த இடத்தில் இரண்டாவது எதிரொலி சிதறிப்போகும். அங்கே பெயின்டைச் சுரண்டிவிட்டு, இரட்டைப் படிகப் புரோபை (ஒலியை அனுப்ப ஒரு படிகமும் வாங்க ஒரு படிகமும் உள்ள உணரி) சாதாரண மோடில் வைப்பதே சரி. ரொம்ப மெலிந்த சுவரில் இதே புரோப் முதல் எதிரொலியைத் தவறவிட்டு, தடிமனை இரண்டு மடங்காகக் காட்டுவதும் உண்டு. எண்ணைப் பார்த்தால் சந்தேகமே வராது, அலையைப் பார்த்தால்தான் பிடிபடும். ஏ-ஸ்கேனுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இதற்கே தகும்.

சூடான குழாயிலும் கவனம் தேவை. ஒவ்வொரு 55 டிகிரி செல்சியஸ் ஏற்றத்துக்கும் அளவு சுமார் 1 சதவீதம் கூடுதலாக வரும். புரோபும், அதற்கும் உலோகத்துக்கும் இடையே தடவும் கப்ளன்ட்டும் சூடு தாங்கும் வகையாக இருக்க வேண்டும். கேஜைச் சரிபார்க்க உதவும், தடிமன் தெரிந்த படிகள் கொண்ட காலிபரேஷன் பிளாக் அதே உலோகத்தில், எதிர்பார்க்கும் தடிமனுக்குக் கீழே ஒரு படியும் மேலே ஒரு படியும் உள்ளதாக இருக்கட்டும்.

அளவுகளை அளந்த இடத்தின் எண்ணோடு சேமிக்கும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்த முறை ஒரு சாண் தள்ளிப் புரோபை வைத்தாலே அரிப்பு வேகம் மாறிவிடும்.