பிரிண்டரை சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் கான்ஃபிகரேஷன் பக்கத்தின் இரண்டாவது தாளை அடித்து எடுத்து வையுங்கள்

எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் இரண்டு ஹெச்பி லேசர்ஜெட் உண்டு. ஒன்று 4200, இன்னொன்று 4250. பார்த்தால் அக்கா தங்கை மாதிரி இருக்கும். 4200-இல் ஜெட்டைரக்ட் 620என் நெட்வொர்க் கார்டு இருந்தது. 4250 யுஎஸ்பியில் மட்டும் ஓடியது. போன மாதம் 4200-இன் ஃபியூசர், அதாவது மையைச் சூட்டால் தாளில் ஒட்டவைக்கும் பகுதி, போய்விட்டது. அதற்குச் செலவு செய்ய மனமில்லை. கார்டை மட்டும் கழற்றி 4250-இல் போட்டுத்தரச் சொல்லி, இரண்டையும் வழக்கமான கடைக்கு அனுப்பினேன்.

மறுநாள் கடைக்காரர் போன் செய்தார். "சார், அந்தக் கார்டு இதுக்குச் சேராது. டோனரே வேற வேற இல்லையா, கார்டும் அப்படித்தான். உங்க பழைய கார்டும் அடிபட்டிருக்கு. புதுசு போட்டா 4,500 ஆகும்." டோனர் வேறுதான், 4200-க்கு 38ஏ, 4250-க்கு 42ஏ. அந்த ஒரு உண்மையைச் சொன்னதால் மற்றதையும் நம்பிவிட்டேன். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நேரம் வேறு. சரி, போடுங்கள் என்றேன். பழைய கார்டைக் கேட்டதற்கு, தூக்கிப் போட்டாச்சு என்றார்.

பிரிண்டர் வந்தது. கேபிளைச் செருகியதும் பழைய ஐபி முகவரியிலேயே (நெட்வொர்க்கில் பிரிண்டரைக் கண்டுபிடிக்கும் எண்) பதில் சொன்னது. அங்கேதான் உறுத்தியது. இந்தக் கார்டுகளில் ஐபி கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும். புதுக் கார்டு என்றால் ரூட்டர் கொடுப்பதையோ, தானாகவே வைத்துக்கொள்ளும், 169.254 என்று தொடங்கும் ஒன்றையோ எடுத்திருக்க வேண்டும். எங்கள் முகவரியைக் கடையில் யாருக்கும் நான் சொல்லவில்லை.

மெனுவில் போய் கான்ஃபிகரேஷன் பக்கத்தை அடித்தேன். இரண்டு தாள் வரும், இரண்டாவது கார்டைப் பற்றியது. மாடல் எண், ஹார்டுவேர் அட்ரஸ் (கார்டின் பன்னிரண்டு எழுத்து அடையாளம்), தயாரித்த மாதம் எல்லாம் அதில் இருக்கும். 4200-இல் முன்பு எடுத்த தாள் நல்லவேளையாக ஃபைலில் கிடந்தது. இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்த அட்ரஸை ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டும் ஒன்றே. ஒரு கார்டின் அட்ரஸ் இன்னொன்றுக்கு இருக்காது. எங்கள் கார்டை எங்களுக்கே விற்றிருக்கிறார்கள்!

இரண்டு மாடலிலும் கார்டு செருகும் இடம் ஒரே வகை, இஐஓ ஸ்லாட். பவரை அணைத்து, கேபிளை எடுத்து, இரண்டு திருகைக் கழற்றி உருவி அடுத்ததில் செருகினால் முடிந்தது. பவர் ஓடும்போது மட்டும் கை வைக்காதீர்கள். 4000, 4050, 4100-இலும் இதே ஸ்லாட்தான். அதற்கும் பழைய லேசர்ஜெட் 4, 5-இல் இருப்பது எம்ஐஓ என்ற வேறு வகை ஸ்லாட், அங்கே இந்தக் கார்டு நுழையாது. கடைக்காரர் சொன்ன 'சேராது' அந்த இடத்தில்தான் பொருந்தும்.

இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலில் பையன்மேல் பழி போட்டார். புதுக் கார்டு என்று அவரே எழுதிய பில்லைக் காட்டியதும் குரல் இறங்கியது. 3,000 ரூபாய் திரும்பி வந்தது. கழற்றி மாட்டிய கூலிக்கு 500 நியாயம், அதை நானே விட்டுவிட்டேன். மீதி ஆயிரத்துக்கு அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார். 4200 இன்னும் அவர் கடையில்தான் இருக்கிறது, முதலில் அதைத் தூக்கி வர வேண்டும்.