பாய்லர் பற்றவில்லை: நாமே பார்ப்பதா, ஆளைக் கூப்பிடுவதா, ஒப்பந்தமா, புதுசா?

ஜனவரி மாதம், காலை ஆறரை மணி, லண்டன். வெளியே மைனஸ் 5 டிகிரி. குளியலறைக் குழாயில் பச்சைத் தண்ணீர்தான் வருகிறது, ரேடியேட்டர்கள் ஜில்லென்று இருக்கின்றன. சமையலறைச் சுவரில் இருக்கும், வீட்டையும் தண்ணீரையும் சூடாக்கும் கேஸ் பாய்லர் டிக் டிக் டிக் என்று சில முறை முயன்று பார்த்துவிட்டு, திரையில் ஒரு கோளாறு எண்ணை (கோடு) காட்டி நின்றுவிட்டது. அந்த நேரத்தில் முன்னால் இருப்பவை நான்கு வழிகள். நாமே பார்ப்பது, கேஸ் இன்ஜினியரை அழைப்பது, மாதச் சந்தா கட்டும் பழுதுபார்ப்பு ஒப்பந்தத்தை நம்புவது, பாய்லரையே மாற்றிவிடுவது. பன்னிரண்டு வருடத்தில் முதல் மூன்றையும் நாங்கள் பார்த்துவிட்டோம். நான்காவதற்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

எந்த வழியானாலும் முதலில் மூக்கு. கேஸ் வாசனை வந்தால் ஒப்பீடெல்லாம் கிடையாது. ஸ்விட்ச் எதையும் தொடாமல் ஜன்னல்களைத் திறந்து, மீட்டர் பக்கத்து வால்வை மூடி, வெளியே வந்து 0800 111 999 எண்ணுக்கு அழைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே இல்லை. அதற்கு அலாரம்தான் காவல். அலாரம் அடித்தாலோ, வீட்டில் எல்லாருக்கும் ஒன்றாகத் தலைவலியும் குமட்டலும் வந்தாலோ, அதே எண்தான்.

வாடகை வீடு என்றால் இன்னும் எளிது. இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டின் லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டம், 11ஆம் பிரிவின்படி, பெரும்பாலான வாடகைகளில் சூடேற்றும் வசதியையும் வெந்நீரையும் சரியாக வைத்திருப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. அவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள், காசை நீங்கள் செலவழிக்காதீர்கள்.

சரி, முதல் வழிக்கு வருவோம். நாமே பார்ப்பது என்றால் ஸ்க்ரூடிரைவரை எடுப்பது இல்லை. பாய்லரின் மூடிதான் எல்லைக்கோடு. பல பாய்லர்களில் அந்த மூடியே எரியும் அறையை அறைக் காற்றிலிருந்து பிரிக்கும் சீல். அதைக் கழற்றி அரைகுறையாக மாட்டினால் புகை வீட்டுக்குள் வரும். மூடிக்கு வெளியே இருப்பது நம்முடையது. அதிலேயே பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

பாய்லர் பற்றவைக்கும் வரிசையைத் தெரிந்துகொண்டால் காதே பாதி வேலையைச் செய்துவிடும். தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் முதலில் விசிறி சுழலும். காற்று ஓடுவது உறுதியானதும் எலக்ட்ரோடில் தீப்பொறி வரும், கேஸ் வால்வு திறக்கும். சுடர் பிடித்ததும் அதன் வழியாக மைக்ரோஆம்பியர் அளவில் ஒரு மின்னோட்டம் போகும். அதை வைத்துத்தான் நெருப்பு இருக்கிறது என்று சர்க்யூட் போர்டு தெரிந்துகொள்கிறது. சில விநாடிக்குள் அது தெரியாவிட்டால் வால்வு மூடிக்கொள்ளும். சில முயற்சிக்குப் பின் லாக்கவுட், அதாவது ரீசெட் செய்யும்வரை பாய்லர் தன்னைப் பூட்டிக்கொள்ளும்.

விசிறிச் சத்தமே இல்லை என்றால் பெரும்பாலும் கட்டளை வந்து சேரவில்லை. தெர்மோஸ்டாட்டில் பேட்டரி தீர்ந்திருக்கலாம், ஃபியூஸ் போயிருக்கலாம், தண்ணீர்ப் பிரஷர் குறைந்திருக்கலாம். குளிர்ந்த நிலையில் பிரஷர் காட்டும் முள் 1 முதல் 1.5 பார் (அழுத்த அலகு) வரை காட்ட வேண்டும். குறைந்திருந்தால் ஃபில்லிங் லூப் (பாய்லருக்குத் தண்ணீர் நிரப்பும் குழாய்) வால்வைத் திறந்து நிரப்பி, மறக்காமல் மூடலாம். வாராவாரம் நிரப்ப வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது, அது வேறு நோய். தீப்பொறிச் சத்தம் வருகிறது ஆனால் பற்றவில்லை என்றால் கேஸ் அடுப்பைப் பற்றவைத்துப் பாருங்கள். அதுவும் எரியாவிட்டால் கோளாறு பாய்லரில் இல்லை. முன்பணம் போடும் ப்ரீபேமென்ட் மீட்டரில் காசு தீர்ந்திருக்கும், அல்லது வால்வு மூடியிருக்கும்.

பற்றிக்கொண்டு உடனே அணைகிறது, கூடவே களகளவென்று சத்தம், வெளியே உறைபனி. இந்த மூன்றும் சேர்ந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது கண்டென்சேட் குழாயைத்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரலிலிருந்து, சில விதிவிலக்குகள் தவிர, புதிதாகப் பொருத்தும் கேஸ் பாய்லர்கள் கண்டென்சிங் வகையாகத்தான் இருக்க வேண்டும். புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அந்தச் சூட்டையும் எடுத்துக்கொள்வதால், லேசாக அமிலத்தன்மை உள்ள தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஒரு பிளாஸ்டிக் குழாயில் வெளியேறும். அந்தக் குழாய் வீட்டுக்கு வெளியே ஓடினால் உறைந்து அடைத்துக்கொள்ளும். தண்ணீர் உள்ளே தேங்க, பாய்லர் தன்னை நிறுத்திக்கொள்ளும். 2010 டிசம்பர் குளிரில் பிரிட்டன் முழுக்க ஏராளமான வீடுகள் இப்படித்தான் குளிரில் நடுங்கின.

எங்களுக்கும் அதுதான் நடந்தது. தெரியாமல் ஒரு இன்ஜினியரை அழைத்தோம். அவர் வந்து மூடியைக்கூடத் திறக்கவில்லை. கெட்டிலில் தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, பின்பக்கச் சுவரில் இருந்த குழாயின் மீது ஊற்றினார், ரீசெட் பட்டனை அழுத்தினார். பத்து நிமிடம், 96 பவுண்டு. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அந்தக் குளிரில் வந்தாரே. ஆனால் இது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், குழாய் வெடித்துவிடும். ஊற்றிய தண்ணீர் நடைபாதையில் ஓடினால் அங்கே உப்புத் தூவுங்கள், இல்லாவிட்டால் அது உறைந்து யாராவது வழுக்கி விழுவார்கள். உயரத்தில் இருக்கும் குழாய்க்கு ஏணி போட வேண்டாம். அப்புறம் வசந்த காலத்தில் வெளிக்குழாயை 32 மில்லிமீட்டர் குழாயாக மாற்றி, மேலே உறை போட்டுவிடுங்கள்.

ரீசெட் ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை. அதற்கு மேல் அழுத்திக்கொண்டே இருக்கக் கூடாது. பற்றாத ஒவ்வொரு முயற்சியிலும் எரியாத கேஸ் கொஞ்சம் உள்ளே போகிறது. எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் சிறு பைலட் சுடர் உள்ள பழைய பாய்லரில் இது இன்னும் முக்கியம். சுடர் அணைந்தால் குறைந்தது மூன்று நிமிடம் காத்திருந்துதான் மறுபடி பற்றவைக்க வேண்டும். குமிழை விட்டதும் பைலட் அணைந்துகொண்டே இருந்தால் பெரும்பாலும் தெர்மோகப்பிள் (சுடர் இருப்பதை உணரும் பாகம்) தேய்ந்திருக்கும்.

இங்கே முதல் வழி முடிகிறது, இரண்டாவது வழி ஆரம்பிக்கிறது. நீங்கள் பார்த்ததை இன்ஜினியரிடம் அப்படியே சொன்னால் அவர் நேரம் மிச்சம், உங்கள் காசும் மிச்சம். பாய்லர் மாடல், அது காட்டும் கோடு, எந்தச் சத்தம் வரை வருகிறது, அடுப்பு எரிகிறதா. வெய்லன்ட் நிறுவனப் பாய்லரில் எஃப்.28, ஐடியலில் எல்2, பாக்ஸியில் இ133 என்று கோடுகள் வெவ்வேறாக இருந்தாலும், பற்றவில்லை என்பதுதான் அவற்றின் பொருள். காரணத்தை அவை சொல்வதில்லை. அதனால் அந்த எண்ணை மட்டும் வைத்துப் பாகம் வாங்கி வைக்காதீர்கள்.

வருபவர் கேஸ் சேஃப் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். கேஸ் வேலை செய்யத் தகுதி பெற்றவர்களின் பதிவேடு அது, 2009 ஏப்ரல் 1 முதல் கார்கி என்ற பழைய பதிவேட்டின் இடத்தில் இருக்கிறது. அவருடைய அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பாருங்கள், எந்தெந்தக் கருவியில் வேலை செய்யத் தகுதி என்பது அங்கேதான் இருக்கும். தெரிந்த பையன், பாதி விலைக்குப் பார்ப்பான் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். கேஸ் விஷயத்தில் அந்த மிச்சம் வேண்டாம்.

மாதச் சந்தா ஒப்பந்தத்தில் எனக்கு அரை மனதுதான். திடீர்ச் செலவு இல்லை, வருட சர்வீஸும் பலவற்றில் அடக்கம், ஆள் தேடி அலைய வேண்டாம். கைக்குழந்தையோ வயதானவர்களோ இருக்கும் வீட்டுக்கு அந்த நிம்மதிக்காகவே எடுக்கலாம். ஆனால் கடுங்குளிர் வாரத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் அழைப்பார்கள். ஒரு முறை நாங்கள் நான்கு நாள் காத்திருந்தோம். சேர்வதற்கு முன்பே இருந்த கோளாறையும், குழாயில் படிந்த சேறு, சுண்ணாம்பினால் வரும் பழுதையும் பல ஒப்பந்தங்கள் ஏற்பதில்லை. லண்டன் தண்ணீர் கடினத் தண்ணீர், ஆகவே அந்தக் கடைசி வரி நமக்கு முக்கியம். ஒவ்வொரு அழைப்புக்கும் எக்ஸஸ் தொகை (நாம் கையிலிருந்து கட்டும் பங்கு) உண்டா என்றும் கேளுங்கள். பாய்லர் இன்னும் வாரண்டியில் இருந்தால் சந்தாவே தேவைப்படாமல் போகலாம். வருடா வருடம் சர்வீஸ் செய்து பெஞ்ச்மார்க் என்ற சர்வீஸ் பதிவுப் புத்தகத்தில் பதிந்திருந்தால் போதும்.

மாற்றுவது என்பது குளிரில் நடுங்கும் நாளில் எடுக்கும் முடிவு இல்லை. அன்று விலை பேச நம்மால் முடியாது. இரண்டு மின் ஹீட்டர்களை வைத்துக்கொண்டு ஒரு வாரம் தாக்குப்பிடித்தால் மூன்று பேரிடம் விலை கேட்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஹீட் பம்ப்புக்கு (வெளியிலுள்ள சூட்டை மின்சாரத்தால் வீட்டுக்குள் கொண்டுவரும் கருவி) 2023 அக்டோபரில் 7,500 பவுண்டாக உயர்ந்த அரசு மானியத்தையும் அப்போது விசாரிக்கலாம். எலக்ட்ரோடோ தெர்மோகப்பிளோ போனால் எந்த வயதுப் பாய்லரையும் நான் பழுதுபார்ப்பேன். எங்களுடையதற்கு இப்போது வயது பதின்மூன்று. போன வருடம் விசிறி போனது, மாற்றினோம். அடுத்து சர்க்யூட் போர்டு போனால் அதற்குக் காசு போட மாட்டோம் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டோம்.