புதுசா துப்பாக்கி சுடக் கத்துக்க நாங்க சேர்ந்த ரேஞ்ச் எப்படி இருக்கு

கோயம்புத்தூர்ல காத்தழுத்தத்துல சுடற ஏர் ரைபிளும் ஏர் பிஸ்டலும் சொல்லித்தர்ற ஒரு சின்ன ரேஞ்சுக்கு நானும் என் பொண்ணும் போயிட்டிருக்கோம், பிகினர் கோர்ஸ் முடிஞ்சிருச்சு, அதைப் பத்தி எழுதறேன். பேரு போடல, ஏன்னா விளம்பரம் மாதிரி ஆயிடும், அதோட சில குறையும் சொல்லப்போறேன். நீங்க எந்த ஊர்ல சேர்ந்தாலும் என்ன பாத்து சேரணும்னு தெரியறதுக்காக எழுதறதுதான் இது.

முதல்ல என் முடிவைச் சொல்லிடறேன். சேர்ந்த அன்னைக்கே கைல துப்பாக்கிய குடுத்து சுடவிடற இடத்துல சேராதீங்க. நாங்க முதல்ல பாக்கப்போன வேற ஒரு இடத்துல அதான் நடந்துச்சு, உள்ள போயி அஞ்சு நிமிஷத்துல என் பொண்ணு கைல பிஸ்டலைக் குடுத்துட்டாங்க, பக்கத்து லேன்ல (ஒருத்தர் நின்னு சுடற இடம்) ஒரு பையன் லோட் பண்ண துப்பாக்கியோட திரும்பி அவங்கம்மாகிட்ட பேசறான், ஒருத்தரும் கண்டுக்கல. வெளிய வரும்போது சொந்த ரைபிள் வாங்குங்க, நாங்களே வாங்கித்தர்றோம்னு வேற பேச்சு. நான் பொண்ணைக் கூட்டிட்டு வந்துட்டேன்.

இப்ப போற இடத்துல கோச் முதல் நாள் பெல்லட் (ஏர் கன்ல போடற சின்ன ஈயக் குண்டு) டப்பாவையே திறக்கல. துப்பாக்கிய மேசைல வெச்சு, பேரல் எப்பவும் டார்கெட் பக்கம், சுடப்போற நொடி வரைக்கும் விரல் ட்ரிகருக்கு வெளிய, காலியா இருக்குன்னு யார் சொன்னாலும் நீங்களே திறந்து பாக்கணும்னு சொல்லிட்டு, எங்களையும் ஒவ்வொருத்தரா திருப்பிச் சொல்ல வெச்சார். சேஃப்டி ஃப்ளாக்னு ஆரஞ்சு கலர்ல ஒரு நீளமான வயர் இருக்கு, பேரலுக்குள்ள போட்டு வெச்சா உள்ள பெல்லட் இல்லைங்கறது தூரத்துல நிக்கறவங்களுக்கும் தெரியும். அது இல்லாம ஒரு துப்பாக்கியும் கேஸை விட்டு வெளிய வராது. "ஸ்டாப்"னு குரல் வந்தா எல்லாரும் கைய எடுத்துடணும், நேஷனல் ஆடற பிள்ளைங்களும் அப்படித்தான் நிக்கறாங்க. அதைப் பாத்ததும்தான் பொண்ணை இங்க விடலாம்னு எனக்கு தைரியமே வந்துச்சு.

அடுத்து டிரை ஃபயர். பெல்லட் இல்லாம ட்ரிகர் மட்டும் அமுக்கிப் பழகறது. மேட்ச் துப்பாக்கில இதுக்குன்னே தனி செட்டிங் இருக்கு, வீட்ல இருக்கற ஸ்பிரிங் ஏர் கன்ல இதைப் பண்ணிடாதீங்க, பிஸ்டன் போயிடும். கோச் என்ன பண்ணுவார்னா பிஸ்டலோட முன் சைட்டுக்கு (குறி பாக்க பேரல் முனைல இருக்கறது) பின்னாடி ஒரு ரூபா காசை வெப்பார், எதிர்ல வெறும் வெள்ளைச் சுவரு, இப்ப ட்ரிகரை அமுக்கணும், காசு விழக்கூடாது. என் பொண்ணுக்கு வரிசையா விழுந்துச்சு. "கைய பாக்காத கண்ணு, விரலை மட்டும் நெனச்சுக்கோ, நேரா பின்னாடி, மெதுவா"னார். கொஞ்ச நேரத்துல டக்குனு ட்ரிகர் சத்தம் கேட்டுச்சு, காசு அப்படியே நின்னுச்சு, அவ மூச்சே விடல. ஏர் பிஸ்டல்ல ட்ரிகர் குறைஞ்சது 500 கிராம் வெயிட்டைத் தாங்கணும்ங்கறது ரூல், மேட்ச்சுக்கு முன்னாடி வெயிட்டைத் தொங்கவிட்டு செக் பண்ணுவாங்க, அதனால இந்த விரல் பழக்கம் வராம பிஸ்டல்ல ஒண்ணுமே நடக்காது. ரைபிளுக்கு அப்படி குறைஞ்சபட்சம் கிடையாது, ரொம்ப லேசா வெச்சுக்கலாம்.

நான் எடுத்தது ரைபிள். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் ஸ்டான்ஸ்தான், அதாவது நிக்கற விதம், நின்ன நிலைல ரைபிளோட வெயிட்டை கைபலத்துல தூக்க முடியாது, தூக்கவும் கூடாது. இடது முழங்கைய இடுப்பு எலும்பு மேல உக்கார வெச்சு, முதுகை லேசா பின்னாடி சாச்சு, வெயிட் எலும்பு வழியா கால்ல இறங்கணும். அப்புறம் கண்ண மூடி ரெண்டு மூச்சு விட்டுத் திறந்து பாத்தா துப்பாக்கி டார்கெட்டுக்குப் பக்கத்துல எங்கயோ நிக்கும், உடனே கையால இழுத்து சரி பண்ணத் தோணும், கோச் அதை பண்ணவே விடமாட்டார், பாதத்தைக் கொஞ்சம் நகத்தி உடம்போட திரும்பி வரச்சொல்வார். கையால இழுத்து வெச்சா சுடற நேரத்துல உடம்பு பழைய இடத்துக்கே போயிடும்ங்க. மூச்சை பாதி விட்டு நிறுத்தி எட்டு பத்து செகண்டுக்குள்ள ஷாட் வரலைன்னா இறக்கிடணும், இதுல வீம்புக்கு நின்னா ஸ்கோர் போயிடும். சுட்ட பிறகும் ரெண்டு செகண்ட் அப்படியே சைட்டைப் பாத்துட்டு நிக்கணும், ஃபாலோ த்ரூன்னு சொல்றது இதைத்தான்.

10 மீட்டர் ஏர் ரைபிள் டார்கெட்டை கிட்டக்க பாத்தா அசந்துருவீங்க. மொத்த வட்டமே 45.5 மி.மீ, நடுவுல 10ங்கறது 0.5 மி.மீ புள்ளி, பேனா முனைல வெச்ச மாதிரி. சுடற பெல்லட்டே 4.5 மி.மீ, அதனால பெல்லட் ஓரம் அந்தப் புள்ளியத் தொட்டாலே 10 கிடைக்கும், நட்டநடுவுல விழுந்தா 10.9. பிஸ்டல்ல 10 வளையம் 11.5 மி.மீ, ஆனா ஒத்தைக் கைல நீட்டிப் பிடிச்சு சுடணும். மேட்ச்னா 60 ஷாட், எலக்ட்ரானிக் டார்கெட்ல 75 நிமிஷம்.

இப்ப குறை. இங்க எலக்ட்ரானிக் டார்கெட் ரெண்டு லேன்லதான், மத்ததெல்லாம் பேப்பரு, மோட்டார் வெச்சு இழுத்துப் பாக்கணும், அந்த மோட்டார் அடிக்கடி நின்னுடுது. கிளப் ரைபிள் கொஞ்சம்தான், துப்பாக்கில மாட்டியிருக்கற சிலிண்டர்ல காத்து தீந்தா நிரப்ப லைன்ல நிக்கணும். லெஃப்ட் ஹேண்டருக்கு ஏத்த க்ரிப் ஒண்ணே ஒண்ணு. ஃபீஸ் என்னன்னு போர்டுல எழுதிப் போடல, கேட்டாதான் சொல்றாங்க, இது மாறணும். கை கழுவற இடத்துல சோப்பு பல நாள் இருக்காது, பெல்லட் ஈயம்ங்க, சுட்டுட்டு கை கழுவாம பிள்ளைங்க பிஸ்கட் எடுத்து சாப்பிடறதைப் பாத்தா வயிறு கலங்குது. இதை நான் நேர்லயும் சொல்லிட்டேன்.

சிலிண்டர் பத்தி ஒண்ணு, அதுல தயாரிச்ச தேதி போட்டிருக்கும், 10 வருஷம்தான் ஆயுசு. எந்த ரேஞ்சுக்குப் போனாலும் அந்தத் தேதியைப் பாருங்க, 200 பார் அழுத்தம் முகத்துக்குப் பக்கத்துல இருக்கு.

சொந்த துப்பாக்கிக்கு அவசரப்பட வேண்டாம். வால்தர், ஃபைன்வெர்க்பாவ் மாதிரி வெளிநாட்டு மேட்ச் ரைபிள் ரெண்டு லட்சத்துக்கு மேல போகும், ஜாக்கெட், ட்ரவுசர், க்ளவுஸ், ஷூ எல்லாம் தனி. கோச்சே கிளப் துப்பாக்கில ஸ்கோர் நிலையா வரட்டும் அப்புறம் பாக்கலாம்ங்கறார், முதல்ல ஜாக்கெட் அளவெடுத்து தைங்கன்னார், அதுவே எனக்கு சரியாப் படுது. லைசென்ஸ் பயம் நிறைய பேருக்கு இருக்கு, 4.5 மி.மீ பெல்லட் போடற, சுடற சக்தி 20 ஜூலுக்குள்ள இருக்கற ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம், கடைல ஐடி ப்ரூஃப் கேப்பாங்க. .22 ரைபிளுக்குப் போனா அது வெடிமருந்துத் தோட்டா போடற நிஜத் துப்பாக்கி, 1959 ஆயுதச் சட்டம் வந்துரும்.

பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல மனு பாக்கர் 2024ல ஏர் பிஸ்டல்ல ரெண்டு வெண்கலம் வாங்கினதும் இங்க வர்ற பிள்ளைங்கள்ல பாதிப்பேர் பிஸ்டல்தான் வேணும்னு நிக்கறாங்க. நான் கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவனைச் சொல்வேன், டோக்கியோ, பாரிஸ் ரெண்டு ஒலிம்பிக்ஸ்லயும் 10 மீட்டர் ரைபிள் சுட்டவங்க, நம்ம பிள்ளைங்க அவங்க நிக்கற ஸ்டான்ஸை வீடியோல நிறுத்தி நிறுத்திப் பாக்கணும். புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமானும் பாரிஸ் போனவர்தான், ஆனா அது ட்ராப், பறக்கற களிமண் தட்டை ஷாட்கன்ல சுடறது, செலவும் இடமும் வேற லெவல், புதுசா வர்றவங்களுக்கு ஏர்தான் சரி.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். போறவங்க வாரநாள் சாயங்காலமா போங்க, ஞாயித்துக்கிழமை லேன் கிடைக்காது. தட்டையான அடி உள்ள ஷூ போட்டுக்கோங்க, கூடவே ஒரு சின்ன சோப்பும் எடுத்துட்டுப் போங்க.