இசிஎம் போச்சு என்றால் உடனே தலையாட்டாதீர்கள்

கடலூர் பக்கம் பொக்லைன் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன், அதிலும் பிரேக்கர் (கான்கிரீட் உடைக்கிற சுத்தியல்) மாட்டி ஓட்டுகிறவர்கள் அவசியம் படியுங்கள். இசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பாக்ஸ்) போச்சு என்று ஒரு கடை சொன்னதை நம்பி எனக்கு 74,000 ரூபாய் தண்டம்.

முதுநகரில் பழைய கான்கிரீட் தளம் உடைக்கிற வேலை. பிரேக்கர் அடித்துக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் பட்டென்று அணைந்துவிடும். சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும், அரை மணி ஓடும், மறுபடி அணையும். பக்கெட் மாட்டி மண் அள்ளும்போது இந்தத் தொல்லையே இல்லை. இதை ஆபரேட்டர் தம்பி ரிப்பேர் கடையில் இரண்டு தடவை சொன்னான். "நீ வண்டிய ஓட்டு தம்பி, கரண்ட் வேலைய நாங்க பாத்துக்கறோம்" என்று அவன் வாயை அடைத்துவிட்டார்கள். அவன் சொன்னதில்தான் விடையே இருந்தது.

கடையின் பெயர் வேண்டாம். லேப்டாப்பை மாட்டினார்கள், இசிஎம்முக்கு வரும் வோல்டேஜ் குறைகிறது என்று எரர் கோட் (பிழை எண்) காட்டியது. எஞ்சினை நிறுத்திவிட்டு வயரில் மீட்டரை வைத்தார்கள், இணைப்பு இருக்கிறது என்று பீப் அடித்தது, "வயரிங் ஓகே, இசிஎம் போச்சு" என்று முடித்துவிட்டார்கள். ஆடும்போது மட்டும் விட்டுப்போகிற இணைப்பை அசையாமல் வைத்துப் பார்த்தால் பீப் அடிக்காமல் என்ன செய்யும்?

புது பாக்ஸ் மாட்டினார்கள். 11 நாள் தங்கமாக ஓடியது, நானும் நாலு பேரிடம் அந்தக் கடையைப் புகழ்ந்து வைத்தேன். 12ஆம் நாள் அதே கதை. போனில் கேட்டால், இப்போது சென்சாராம், இன்னும் 18,000 ஆகுமாம்.

அப்புறம்தான் துறைமுகம் பக்கம் படகு எஞ்சின்களுக்கு வயரிங் பார்க்கும் ஒரு பெரியவரைக் கூட்டிவந்தேன். எஞ்சினை ஓடவிட்டே மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும், இன்னொன்றை இசிஎம் கனெக்டருக்குப் பின்னால் சப்ளை வயரிலும் வைத்தார். வழியில் இழப்பு 0.2 வோல்ட்தான். ஹார்னஸை (வயர் கட்டை) கையால் ஆட்டினார், இழப்பு 4 வோல்ட்டுக்கு எகிறியது, எஞ்சின் அணைந்தது. அவ்வளவுதான் சோதனை, பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஹார்னஸைப் பிடிக்கிற கிளாம்ப் போல்ட் எப்போதோ விழுந்துபோய், ஒரு அடி நீளத்துக்கு வயர் தொங்கி ஆடியிருக்கிறது.

கனெக்டருக்குள் இருக்கும் பின்னைக் கழற்றிக் காட்டினார். நான் உப்புக்காற்று வேலை என்று நினைத்தேன். "அதுன்னா பச்சை பூத்திருக்கும் தம்பி, இதைப் பாருங்க" என்றார். வெள்ளீயம் பூசிய பளபள பின்னில் கடுகைவிடச் சின்னதாக, மை வைத்த மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி. அதிர்வில் பின்னும் சாக்கெட்டும் மயிரிழை அளவு முன்னும் பின்னும் உரசும், சுரண்டிய பூச்சு காற்றுப் பட்டுத் துருத்தூளாகி நடுவிலேயே தங்கிவிடும், கரண்ட் அதைத் தாண்டத் தடுமாறும். கனெக்டரைக் கழற்றி மாட்டினாலே அந்தத் தூள் துடைபட்டுக் கொஞ்ச நாள் ஓடுமாம். ஆக, அந்த 11 நாளும் புது பாக்ஸால் ஓடவில்லை, அதை மாட்டுவதற்காகக் கனெக்டரைக் கழற்றியதால் ஓடியிருக்கிறது!

பின்னை மட்டும் துடைத்துவிட்டு மாட்டியிருந்தால் திரும்ப வந்திருக்கும். இரண்டு பக்கப் பின்னையும் மாற்றி, புது கிளாம்ப் போட்டு வயரை இறுக்கினார். எல்லாம் சேர்த்து 850 ரூபாய்.

கடைக்குப் போய்ப் பழைய பாக்ஸைக் கேட்டேன். எக்ஸ்சேஞ்சில் போய்விட்டதாம், எலக்ட்ரானிக் ஐட்டத்துக்கு ரிட்டர்ன் கிடையாதாம். பில்லில் "இசிஎம் 1" என்று மட்டும் இருக்கிறது, சீரியல் நம்பர்கூட இல்லை. மாட்டியது புதுசுதானா என்றே இப்போது சந்தேகம்.

மூன்று மாதமாகப் பிரேக்கர் ஓடுகிறது, ஒரு தடவைகூட அணையவில்லை. கழற்றிய பின்கள் தீப்பெட்டியில் இருக்கின்றன, யாராவது பார்க்க வேண்டுமென்றால் காட்டுகிறேன்.