ரெட் டாட் ஸ்க்ரூ உடைந்தது ஏன்? மூன்று வருடப் பயன்பாட்டில் நான் கண்டது

என் 9 மி.மீ. கைத்துப்பாக்கியில் ரெட் டாட் (குறிபார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் சின்னக் கருவி) மாட்டி மூன்று வருடம் ஆகிறது. முதல் வருடமே ஒரு பயிற்சியின்போது குண்டுகள் இடப்பக்கம் விலகிக்கொண்டே போயின. பிடியில்தான் தவறு என்று நினைத்துத் தொடர்ந்து சுட்டேன். அடுத்த மேகசினில் (குண்டுக்கூடு) ரெட் டாட் கழன்று வந்து என் பாதுகாப்புக் கண்ணாடியில் மோதியது. இரண்டு ஸ்க்ரூவும் கழுத்தில் முறிந்து, மிச்சம், ரெட் டாட்டுக்கும் துப்பாக்கிக்கும் நடுவே இருக்கும் பிளேட்டுக்குள் சிக்கியிருந்தது.

மட்டமான ஸ்க்ரூ என்றுதான் முதலில் திட்டினேன். பிளேட்டைக் கழற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஸ்லைடில் (சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேல்பகுதி) வெட்டிய பள்ளத்துக்குள் பிளேட் முன்னும் பின்னும் லேசாக ஆடியது. ரெட் டாட்டும் பிளேட்டின் குமிழ்களில் இறுக்கமாக உட்காரவில்லை. ஸ்க்ரூவின் வேலை கீழ்நோக்கி அழுத்திப் பிடிப்பது மட்டுமே. ஸ்லைடு பின்னால் பாய்ந்து நின்று, திரும்ப முன்னால் வந்து மோதும் அதிர்ச்சியைப் பள்ளத்தின் சுவரும் குமிழ்களும்தான் தாங்க வேண்டும். அங்கே இடைவெளி இருந்தால் ஒவ்வொரு சூட்டிலும் ஸ்க்ரூ இரண்டு பக்கமும் அடி வாங்கும். அது களைத்து முறிவதற்குச் சில நூறு குண்டுகளே போதும்.

அதனால் இப்போது முதலில் பார்ப்பது பொருத்தத்தைத்தான். மேகசினை எடுத்து, குண்டு உட்காரும் சேம்பர் காலியா என்று இரண்டு முறை சோதித்து, ஸ்லைடைத் தனியாகக் கழற்றிய பிறகு, ஸ்க்ரூ போடாமலே பிளேட்டைக் கட்டைவிரலால் தள்ளிப் பார்ப்பேன். ஆடினால் அந்த பிளேட் எனக்கு வேண்டாம். இறுக்கமாக உட்காரும் பிளேட் வாங்கியதுதான் இதுவரை நான் செய்த நல்ல செலவு.

என் இன்னொரு தவறு, எல்-கீயால் கை உணர்வை நம்பி முறுக்கியது. இந்தச் சின்ன ஸ்க்ரூக்களுக்குப் பெரும்பாலும் 12 முதல் 15 இன்ச்-பவுண்ட், அதாவது ஏறக்குறைய 1.4 முதல் 1.7 நியூட்டன் மீட்டர்தான் சொல்கிறார்கள். கை அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். த்ரெட் லாக்கர் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) ஈரமாக இருக்கும்போது வழுக்கலும் சேர்வதால், அதே முறுக்கில் இழுவிசை இன்னும் கூடும். உங்கள் கையேட்டில் உள்ள எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள், என்னுடையதை அல்ல. முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

நீளத்தையும் கவனியுங்கள். குட்டையான ஸ்க்ரூ இரண்டு மூன்று மரைகளை மட்டும் பிடிக்கும். நீளமானது சில ஸ்லைடுகளில் எக்ஸ்ட்ராக்டரை (சுட்ட தோட்டாக் கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி) அழுத்திப் பிடிக்கும் பிளஞ்சர் கம்பி ஓடும் துளைக்குள் எட்டிவிடும். இறுக்கிய பின் எக்ஸ்ட்ராக்டர் தடையின்றி அசைகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஸ்க்ரூ, துளை இரண்டிலும் உள்ள எண்ணெயை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, மரையில் லாக்டைட் 243 என்ற த்ரெட் லாக்கர் ஒரு சிறு துளி. அதிகமானால் வழிந்து எக்ஸ்ட்ராக்டரையே ஒட்டிவிடும். பிறகு இரண்டு ஸ்க்ரூவையும் மாறி மாறி இறுக்கி, 24 மணி நேரம் காயவிடுவேன்.

இந்த முறையில் மாட்டியபின் சுமார் 6,000 குண்டுகள் சுட்டாயிற்று. ஸ்க்ரூ தலையிலிருந்து ரெட் டாட்டின் உடல்வரை பெயின்ட் பேனாவால் போட்ட வெள்ளைக்கோடு இம்மியும் விலகவில்லை.

என் மாடலில் பேட்டரி அடிப்பக்கம் இருப்பதால் வருடம் ஒருமுறை கழற்றியே ஆக வேண்டும். ஒவ்வொரு முறையும் புது ஸ்க்ரூ, மறுபடி ஜீரோ (புள்ளியும் குண்டு படும் இடமும் ஒன்றாகும்படி சரிசெய்வது). அலுப்பான வேலைதான். ஆனால் பிளேட்டை ஸ்லைடோடு பிடிக்கும் ஸ்க்ரூக்கள் ரெட் டாட்டுக்கு அடியில் மறைந்திருப்பதால், அவற்றைச் சோதிக்க எனக்குக் கிடைக்கும் ஒரே சந்தர்ப்பமும் அதுதான்.