கமாண்டோ அட்டையா, சார்லியின் பதுங்குகுழியா?

பழைய பிரிட்டிஷ் போர்ச் சித்திரக்கதைகளின் ஓவியத்தை ரசிக்க விரும்புபவர் எதை முதலில் எடுப்பது? ஸ்காட்லாந்தின் டண்டி நகரிலிருந்து 1961 முதல் வெளிவரும் 'கமாண்டோ' சித்திரக்கதை இதழுக்கு இயன் கென்னடி தீட்டிய அட்டைகள் கண்ணைப் பறிப்பவை. போர் விமானம் சாய்ந்து நம் மீதே பாய்ந்து வரும். ஆனால் அந்த வண்ணம் அட்டையோடு சரி; உள்ளே கறுப்பு வெள்ளைதான்.

என் ஓட்டு ஜோ கோஹூனுக்கே. 'பேட்டில்' வார இதழில் 1979இல் தொடங்கிய 'சார்லீஸ் வார்' தொடருக்காக முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளை அவர் மையில் வரைந்தார். சேறு அப்பிய கால்பட்டி, முள்கம்பிச் சுருள், சரிந்த மணல்மூட்டை என எதையும் அவர் விடவில்லை. அதைவிட முகங்கள்! வயதை மறைத்துப் படையில் சேர்ந்த 16 வயதுச் சார்லியின் மிரண்ட கண்களை மறக்கவே முடியாது. பழைய இதழ்த்தாளில் நுண்கோடுகள் மங்கிப்போகும். நல்ல மறுபதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.