டெக்சஸ் குளிருக்கு எந்தப் பனை?

டாலஸ், ஆஸ்டின் பக்கம் வீடு வாங்கும் நம்மவர்களுக்கு, தொட்டியில் கறிவேப்பிலை வைத்து முடித்ததும் அடுத்து வரும் ஆசை வாசலில் தென்னை மாதிரி ஒரு மரம். தென்னையையே வைக்க முடியாது, உறைபனி ஒரு ராத்திரி இறங்கினாலே கதை முடிந்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் அந்த ‘மாதிரி’யைத் தேடி ஏப்ரல் மாதம் நர்சரிக்குப் போவார்கள். அங்கே குயின் பாம் என்ற பனை வகை நிற்கும். வழவழவென்று தண்டு, நீளக் கீற்று, காற்றடித்தால் நம் ஊர்த் தோப்புச் சலசலப்பு, விலையும் கைக்கு அடக்கம். வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து நட்டுவிடுவார்கள்.

2021 பிப்ரவரிக் குளிருக்குப் பிறகு ஆஸ்டின், சான் அன்டோனியோ பகுதிகளில் குயின் பாம் கிட்டத்தட்டத் துடைத்தெடுத்த மாதிரி போய்விட்டது. அதே தெருக்களில் விண்ட்மில் பாம் என்ற இன்னொரு வகை மறுபடி குருத்துவிட்டது. சபால் என்ற பனை ஒன்றும் நடக்காதது போல நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே இனம்தான். குளிர் தாங்குவதில் மட்டும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

லேபிளில் இருக்கும் எண்

நர்சரி லேபிளில் ‘மண்டலம் 8’, ‘மண்டலம் 9’ என்று போட்டிருக்கும். அமெரிக்க வேளாண் துறையின் வரைபடம் அது. 2023இல் வந்த புதிய வரைபடம் 1991 முதல் 2020 வரையிலான 30 ஆண்டுகளை எடுத்துக்கொள்கிறது. ஒவ்வோர் ஆண்டிலும் மிகக் குளிர்ந்த ராத்திரி எது என்று பார்த்து, அவற்றின் சராசரியைத்தான் மண்டல எண்ணாகத் தருகிறது. கவனிக்க வேண்டியது அந்தச் ‘சராசரி’யைத்தான். டாலஸ் இருப்பது 8பி மண்டலம். அதாவது 15 முதல் 20 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் மைனஸ் 9 முதல் மைனஸ் 7 செல்சியஸ். ஆனால் 2021 பிப்ரவரி 16 அன்று டாலஸ் விமான நிலையத்தில் பதிவானது மைனஸ் 2 ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 19 செல்சியஸ். 1949க்குப் பிறகு அங்கே அவ்வளவு குளிர் அடித்ததில்லை.

தக்காளிக்கும் செம்பருத்திக்கும் சராசரி போதும். போனால் அடுத்த வருஷம் புதிதாக வைத்துக்கொள்ளலாம். நாற்பது, ஐம்பது வருஷம் நிற்கப்போகிற மரத்துக்குச் சராசரியால் பிரயோஜனமில்லை. ஆயுளில் ஒரே ஒரு தடவை வரப்போகும் மோசமான ராத்திரியை அது தாண்டுமா என்பதுதான் கேள்வி. அதிலும் பனை இனத்துக்கு உயிர் ஒரே இடத்தில் இருக்கிறது. கிரேப் மிர்ட்டில் என்ற பூமரம் பனியில் தரைமட்டத்துக்குக் கருகினாலும் அடியிலிருந்து தழைத்துவிடும். ஒற்றைத் தண்டுப் பனைக்கு உச்சியில் இருக்கும் குருத்து செத்தால் மரமே செத்த மாதிரி. தண்டில் பட்ட காயமும் ஆறாது. மற்ற மரங்களைப் போலப் புதுத் திசு வைத்து மூடிக்கொள்ளும் ஏற்பாடு அதற்கு இல்லை. அதனால்தான் 2021இல் ஓலை விட்டுப் பிழைத்துக்கொண்டது போலத் தெரிந்த சில மரங்கள் பல மாதம் கழித்துத் தண்டு இற்றுச் சாய்ந்தன.

இன்னொரு கணக்கும் உண்டு. விடிகாலையில் இரண்டு மணி நேரம் இறங்கிவிட்டு வெயில் வந்ததும் ஏறும் குளிர் ஒன்று. நாள்கணக்கில் உறைநிலைக்கு மேலே ஏறாமல், கூடவே பனிமழையும் சேர்ந்து குருத்துக்குள் தண்ணீர் தேங்குவது இன்னொன்று. தாங்கும் வெப்பநிலை என்று கீழே நான் சொல்லும் எண்களெல்லாம் நன்றாக வேர் பிடித்த, வளர்ந்த மரங்களுக்கு உரியவை. ஈரமும் நீண்ட குளிரும் சேர்ந்தால் தாங்கும் சக்தி குறையும், அந்த எண்ணோடு ஐந்தாறு டிகிரி ஃபாரன்ஹீட்டைக் கூட்டிக்கொள்வது நல்லது.

ஓலை முதலில் சொல்லிவிடும்

ஒரு சின்னக் கணக்கு பெரும்பாலும் பொய்க்காது. கீற்றாக, தென்னை ஓலை போல இருப்பவை குளிருக்கு மெலிந்தவை. விசிறியாக, பனை ஓலை போல இருப்பவற்றில்தான் குளிரைத் தாங்கும் ஜாம்பவான்கள் இருக்கின்றன. விசிறி ஓலை இருந்தாலே தாங்கும் என்று மட்டும் திருப்பிப் படித்துவிடக் கூடாது. நம் பனைமரமே குளிருக்கு ஆகாது. ஆக, தென்னை கேட்டு வருகிறவருக்கு டெக்சஸ் பனையைத்தான் நீட்டும். இதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

குயினா, பிண்டோவா, இரண்டும் கலந்ததா?

தென்னைச் சாயல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு மூன்று வழி.

குயின் பாம் தென் அமெரிக்க மரம். 25 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஓலை கருக ஆரம்பிக்கும். 20ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. டெக்சஸின் தென்கோடிப் பள்ளத்தாக்கைத் தவிர வேறு எங்கும் இதை வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நர்சரிகள் இன்னும் விற்கின்றன என்பது அது பிழைக்கும் என்பதற்குச் சாட்சி அல்ல. மூன்று நான்கு மிதமான குளிர்காலம் தாண்டிவிடும், அதுவரை வாங்கியவரும் சந்தோஷமாக இருப்பார்.

பிண்டோ, பிரேசிலின் தென்பகுதியிலும் உருகுவேயிலும் வளர்வது. கீற்று ஓலைக்காரர்களில் குளிருக்கு இதுதான் தலை. 10 முதல் 15 ஃபாரன்ஹீட் வரை தாங்கும், அதாவது மைனஸ் 12 முதல் மைனஸ் 9 செல்சியஸ். தென்னைக்குக் கொஞ்சம் நெருங்கிய உறவும்கூட. ஆனால் தோற்றம் வேறு: குட்டையான தடித்த தண்டு, சாம்பல் நீலத்தில் உள்நோக்கி வளைந்த ஓலை. கோடையில் குலை குலையாக ஆரஞ்சு நிறப் பழம் பழுக்கும். புளிப்பும் தித்திப்புமாக நன்றாக இருக்கும், ஜெல்லி காய்ச்சுவார்கள். வாகனம் நிறுத்தும் பாதையோரம் மட்டும் வைத்துவிடாதீர்கள். உதிர்ந்த பழம் மிதிபட்டுப் பிசுபிசுக்கும், குளவி மொய்க்கும்.

மூன்றாவது மியூல் பாம், பிண்டோவையும் குயினையும் கலந்து உண்டாக்கியது. குயினின் உயரமும் ஒயிலும், பிண்டோவின் தாங்குதிறனில் பெரும்பகுதியும் இதற்கு வாய்த்திருக்கின்றன. சுமார் 15 ஃபாரன்ஹீட் வரை ஈடுகொடுக்கும். பார்வைக்குத் தென்னைக்கு மிக அருகில் வருவது இதுதான். விதை முளைக்காது என்பதால் ஒவ்வொரு முறையும் கையால் மகரந்தம் சேர்த்தே உண்டாக்க வேண்டும். விலை அதற்கேற்ப எகிறும். ஹூஸ்டனில் இருப்பவர் காசு செலவழிக்கத் தயார் என்றால் என் ஓட்டு இதற்கே. டாலஸுக்கு மூன்றுமே வேண்டாம்.

வாஷிங்டோனியா இரட்டையர்

ஏமாறுகிறவர்கள் அதிகம் இருக்கும் இடம் இது. வாஷிங்டோனியா என்ற விசிறி ஓலைப் பனையில் இரண்டு வகை. ஃபிலிஃபெரா என்பது கலிபோர்னியா, அரிசோனா பாலைவன ஊற்றுகளின் மரம். ரொபஸ்டா மெக்சிகோவுக்கு உரியது. தொட்டியில் இருக்கும்போது இரண்டும் ஒன்று போலவே இருக்கும். முன்னது வறண்ட குளிரில் 15 ஃபாரன்ஹீட்டைச் சமாளிக்கும், நேரம் நன்றாக இருந்தால் இன்னும் கீழேயும் போகும். பின்னது 20க்கே தடுமாறும். சான் அன்டோனியோவில் 2021இல் வெப்பநிலை 9 ஃபாரன்ஹீட்டைத் தொட்டபோது, நெடுஞ்சாலையோரம் ஒல்லியாக வானத்தைத் தொட்டு நின்ற ரொபஸ்டாக்கள் பெரும்பாலும் மொட்டைக் கம்பங்களாகின. அசல் ஃபிலிஃபெராக்களில் பல ஓலை கருகியதோடு தப்பித்தன.

நர்சரியில் அடையாளம் பார்க்க ஓலைக் காம்பைத் திருப்பிப் பாருங்கள். காம்பு தண்டோடு சேரும் இடத்தில் செம்பழுப்பு ஏறியிருந்தால் ரொபஸ்டா ரத்தம் இருக்கிறது. ஃபிலிஃபெராவின் காம்பு பச்சையாகவே இருக்கும், இலை சாம்பல் கலந்த பச்சை, விளிம்பில் வெள்ளை நூல் நூலாகத் தொங்கும். இளம் ரொபஸ்டாவிலும் நூல் உண்டு, அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். இரண்டும் சுலபமாகக் கலந்துவிடுவதால் சந்தையில் கலப்பினமும் ஏராளம்.

ஃபிலிஃபெராவுக்கும் ஒரு குறை. ஹூஸ்டனின் புழுக்கம் அதற்கு ஒத்துவராது, பூஞ்சை பிடிக்கும். எல் பாசோ, ஆஸ்டினுக்கு மேற்கே வறண்ட பக்கம் என்றால் தைரியமாக வைக்கலாம். உயரும், தண்டு பருக்கும். சின்ன முன்வாசலுக்கு இது அடாத மரம்.

டாலஸ்காரர்களுக்கு உண்மையான போட்டி

விண்ட்மில் பாம் சீனாவிலிருந்து வந்தது. தாவர வேட்டைக்காரர் ராபர்ட் ஃபார்ச்சூன் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்கு அனுப்பினார். தாவரவியல் பெயரிலும் அவர் இருக்கிறார். தண்டு முழுக்கப் பழுப்பு நார் போர்த்தியிருக்கும். தாங்கும் எல்லை 5 முதல் 10 ஃபாரன்ஹீட். டாலஸின் மைனஸ் 2 அதையும் தாண்டியது என்பதால் ஓலை முழுக்கக் கருகியது. சில செத்தன, பல கோடை தொடங்கும்போது நடுவில் புதுக் குருத்தை நீட்டின. குறுகலாக வளரும், சின்ன வீட்டுக்கும் பொருந்தும், எளிதில் கிடைக்கும். மேற்கு வெயில் நேராக அடிக்காத இடமாகப் பார்த்து வைத்தால் போதும்.

சபால் மைனர் டெக்சஸ் மண்ணிலேயே முளைப்பது. வடக்கே ஓக்லஹோமாவின் தென்கிழக்கு மூலைவரை காட்டில் தானாக வளர்கிறது. தண்டு மண்ணுக்குள் இருப்பதால் குருத்துக்குப் பூமியே போர்வை. 0 ஃபாரன்ஹீட் வரை பயமில்லை. 2021இல் டாலஸில் இதன் ஓலைகூடப் பெரிதாக வாடவில்லை. ஆனால் மரம் என்று சொல்லி யாரிடமும் காட்ட முடியாது, இடுப்பளவு புதர்தான். தண்டு வேண்டுமென்றால் பிரசோரியா மாவட்டத்தில் கண்டெடுத்த இயற்கைக் கலப்பின சபாலைத் தேடலாம். குளிர் விஷயத்தில் மைனருக்குப் பக்கத்தில் வரும், தண்டும் எழும்பும். அதற்குப் பல வருஷம் காத்திருக்க வேண்டும்.

குளிர் ஒன்றை மட்டும் பார்த்தால் முதலிடம் நீடில் பாமுக்கு, மைனஸ் 5 ஃபாரன்ஹீட் வரை. அடியில் பென்சில் நீளக் கறுப்பு முட்கள் மேல்நோக்கிக் குத்திட்டு நிற்கும். குழந்தைகள் பந்து விளையாடும் இடத்தில் வேண்டாம்.

என் தேர்வு? டாலஸில் விண்ட்மில் ஒன்று, அதன் காலடியில் சபால் மைனர் இரண்டு. விண்ட்மில் போனாலும் தோட்டம் வெறிச்சோடாது.

லைட் சுற்றிக் காப்பாற்றலாமா?

குருத்தைச் சுற்றிப் பழைய பாணி கிறிஸ்துமஸ் குண்டு பல்புகளைச் சுற்றி, மேலே உறைபனித் துணி போர்த்துவது வழக்கம். எல்இடி சூடாகாது, அதனால் உதவாது. முறை சரிதான், ஆனால் 2021இல் டெக்சஸில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் மின்சாரம் போனது, அதுவும் குளிர் உச்சத்தில் இருந்தபோது. மின்சாரத்தை நம்பி ஒரு மரத்தை வாங்கினால், அது தேவைப்படும் ராத்திரியில்தான் மின்சாரம் இருக்காது.

குளிர் போனபின் கருகிய ஓலையை உடனே வெட்ட வேண்டாம். இரண்டு மூன்று வாரம் கழித்து நடுக் குருத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். அசையாமல் இருந்தால் நல்லது. கையோடு உருவிக்கொண்டு வந்து, அடிப்பகுதி பழுப்பாகக் குழைந்து புளித்த வாடை அடித்தால், நம் ஊர்த் தென்னைக்கு வரும் குருத்தழுகல் போலத்தான். அப்போதும் கைவிட வேண்டாம். குருத்து இருந்த குழியில் தாமிரப் பூஞ்சைக்கொல்லி ஊற்றி, மழைநீர் தேங்காமல் பார்த்துக்கொண்டு ஜூலை வரை பொறுத்திருங்கள். விண்ட்மில்லும் சபாலும் இப்படிப் பிழைப்பது உண்டு.

கடைசியாக ஒன்று. டெக்சஸ் நர்சரிகளில் ‘சில்வெஸ்டர்’ என்று பெரிய விலை போட்டு நிற்பது வேறொன்றுமில்லை, நம் ஈச்ச மரம். பார்த்தவுடன் பாசம் வரத்தான் செய்யும். 20 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் அதற்குத் தாங்கும் சக்தி கிடையாது. 2021இல் ஆஸ்டின், சான் அன்டோனியோ பக்கம் பெரும்பாலும் அழிந்தது. கால்வெஸ்டன் கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் வேண்டுமானால் யோசிக்கலாம். ஆனால் அங்கே பூச்சி பரப்பும், மரத்தையே கொல்லும் லீதல் பிரான்ஸிங் நோயையும் சேர்த்துக் கணக்கில் வையுங்கள். ஈச்ச இனத்தைத்தான் அது முதலில் பிடிக்கும்.